நிலம் நடுங்கியது அங்கே, கடல் எழுந்தது இங்கே

(காரைக்கால்மேட்டில் ஊர் மக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் நிலநடுக்கத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள், அதோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பது இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதைக் காரைக்கால்மேட்டில் வந்து பேசக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29க்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. ஒன்பது மணி வாக்கில் அந்தப் பிளவு தண்ணீராக இந்தக் கரையில் ஏறியது. காரைக்கால் பகுதியில் மட்டும் 500க்கு நெருக்கமான உயிர்கள் போயின. பக்கத்தில் நாகை மாவட்டத்தில் 6,000க்கு மேல். அந்தக் கணக்கில் இருப்பவர்களின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. அதே போன்ற அலையை 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் வேறொரு கடலோரத்தில் பார்த்தவர்கள் என்ன யோசித்தார்கள், எதை எழுதிவைத்தார்கள், எதை மறந்தார்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

அந்த மக்கள் நமக்கு அந்நியர்களும் இல்லை. இங்கிருந்து கரையோரமாக வடக்கே போனால் தரங்கம்பாடி, அதைத் தாண்டினால் பூம்புகார். பழைய நிலநூலாசிரியர் தாலமி தன் நூலில் அந்தத் துறைமுகத்தைக் ‘கபேரிஸ்’ என்று குறித்திருக்கிறார். அங்கே யவனர்களுக்கென்று, அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களுக்கென்று, தனி இருப்பிடம் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நம் ஒன்றியப் பகுதியிலேயே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில், மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து புறப்பட்டு, செங்கடலைக் கடந்து, பருவக்காற்றைப் பிடித்து வந்தவர்கள் அந்த யவனர்கள். புகாரின் யவனர் குடியிருப்பில் தூங்கியவர்களில் சிலராவது, சொந்த ஊரில் நடு இரவில் தரை ஆடி எழுந்து ஓடியவர்களாக இருந்திருப்பார்கள். ஏனென்றால் அவர்களுடைய நாடு அப்படிப்பட்டது. ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தாங்கும் பாறைத்தட்டு வடக்கே நகர்ந்து, கிரீட் தீவுக்குத் தெற்கே ஐரோப்பாவுக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. கிரீஸ், துருக்கி, சிரியா, தென் இத்தாலி ஆகிய இடங்களில் ஒரு மனிதன் தன் ஆயுளில் ஒருமுறையாவது நிலநடுக்கத்தைப் பார்க்காமல் போவது அரிது.

முதலில் அவர்களுடைய தெய்வத்தைச் சொல்கிறேன். என் பேச்சு முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

கிரேக்கர்களுக்குப் பொசைடன் கடல் தெய்வம். கையில் முச்சூலம். மீன்பிடிப்பவரும் கப்பலோட்டுபவரும் அவனைக் கும்பிட்டார்கள். அதே பொசைடனுக்கு ஹோமரின் காவியங்களில் இன்னொரு பட்டம் உண்டு: பூமியை ஆட்டுபவன். கடலும் நிலநடுக்கமும் ஒரே தெய்வத்தின் பொறுப்பு. நம்முடைய மரபைப் பாருங்கள். நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகச் சொல்கிறது தொல்காப்பியம். பூமியைத் தாங்குகிறவன் ஆதிசேஷன், அவன் தலையை அசைத்தால் நிலம் அசையும் என்பது புராணம். கடல் ஒருவரிடம், நிலம் இன்னொருவரிடம். இரண்டையும் சேர்த்துக் கையில் வைத்திருக்கும் தெய்வம் நம் கரையில் இல்லை.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கிரேக்கர்களின் நாட்டில் நிலம் குலுங்கியதும் சில நிமிடங்களில் கடல் எழுந்தது. கண்ணெதிரே இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் இரண்டுக்கும் ஒரே எசமானன் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நம் கரையில் பெரிதாகத் தரை ஆடுவதில்லை. கடல் மட்டும்தான் வருகிறது. 2004இல் நிலம் பிளந்த இடத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே சுமார் 2,000 கிலோமீட்டர். கடல் வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நிலம் பிளந்ததை உங்களால் பார்க்க முடியவில்லை. இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது. பிறகு இதற்கே திரும்பி வருகிறேன்.

பேரழிவு வந்தால் மனிதன் கேட்கும் முதல் கேள்வி, யார் செய்த குற்றம் என்பது. கி.மு. 479இல் பொட்டிடேயா என்ற கிரேக்க ஊரைப் பாரசீகப் படை முற்றுகையிட்டிருந்தது. திடீரென்று கடல் நெடுநேரம் உள்வாங்கியது. ஊருக்குள் புக வழி கிடைத்தது என்று படை அந்த ஈரத்தரையில் இறங்கி நடந்தது. ஐந்தில் இரண்டு பங்கு தூரம் போனபோது தண்ணீர் திரும்பி வந்தது. நீந்தத் தெரியாதவர்கள் மூழ்கினார்கள். நீந்தியவர்களை ஊர்க்காரர்கள் படகில் வந்து வெட்டினார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதை எழுதிவிட்டு, பொசைடன் கோயிலைப் பாரசீகர்கள் அசுத்தப்படுத்தியதால் வந்த தண்டனை இது என்று ஊர்க்காரர்கள் சொன்னதாகவும், அது சரிதான் என்று தனக்கும் படுவதாகவும் முடிக்கிறார். சுனாமியைப் பற்றிய மிகப் பழைய வரலாற்றுக் குறிப்புகளில் ஒன்று இது. கடல் உள்வாங்கிய அடையாளம் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர் அதை அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்டனையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்தது ஹெலிகே. கொரிந்த் வளைகுடாவின் தென்கரையில், கடலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த செழிப்பான ஊர். பொசைடனுக்கு அங்கே பேர்பெற்ற கோயில். கி.மு. 373 குளிர்காலத்தில் ஓர் இரவு நிலம் குலுங்கி ஊர் சரிந்தது, கடல் ஏறி மூடியது. மீட்புக்குப் போன 2,000 பேரால் உடல்களைக்கூட எடுக்க முடியவில்லை. ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகரத்தின் கப்பல்கள் பத்து துறையில் நின்றன, அவையும் போயின. காரணம் என்ன? தங்கள் புது ஊரில் வழிபாடு தொடங்கப் பொசைடன் திருவுருவத்தைக் கேட்டு வந்தவர்களை ஹெலிகே மக்கள் மறுத்து அனுப்பினார்கள், தெய்வம் கோபித்தது என்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் அந்தப் பக்கம் போனபோது ஓடக்காரர்கள் அவரிடம் சொன்னதை நிலநூலாசிரியர் ஸ்ட்ராபோ பதிவு செய்திருக்கிறார்: தண்ணீருக்குள் பொசைடனின் வெண்கலச் சிலை நின்றபடியே இருக்கிறது, அந்தப் பக்கம் வலை போடுகிறவர்களுக்கு அதனால் ஆபத்து. வலை கிழியும் பயம் உங்களுக்குத் தெரிந்த பயம். அறிஞரிடம் அவர்கள் சொல்ல நினைத்தது தொழிலுக்கு வேண்டிய தகவல். அதன் வழியாகத்தான் மூழ்கிய ஊர் எங்கே என்ற நினைவு உயிரோடு இருந்தது. ஆய்வாளர்கள் கடலுக்குள் பல காலம் தேடிவிட்டு, கடைசியில் 2001இல் நிலத்துக்குள், பழைய காயல் ஒன்றின் வண்டலுக்கு அடியில், ஹெலிகேயின் சுவர்களைக் கண்டெடுத்தார்கள்.

இப்போது மணிமேகலைக்கு வாருங்கள். சோழ மன்னன் கிள்ளி, நாக நாட்டு இளவரசி பீலிவளையிடம் பிறந்த தன் பிள்ளை கடலில் தொலைந்துவிட்ட துயரத்தில் ஆண்டுதோறும் நடத்தும் இந்திர விழாவை மறந்தான். அதனால் வந்த சாபத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. ஹெலிகேயும் புகாரும் அடுத்தடுத்த வீட்டுக் கதைகள் போல இருக்கின்றன. கடலோரச் செல்வநகரம், தெய்வத்துக்குச் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாத குற்றம், கடல் மூடல். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஹெலிகேயின் கதையில் முதலில் நிலம் ஆடுகிறது. புகாரின் கதையில் நிலம் ஆடவே இல்லை.

புகாரை அழித்தது சுனாமியா, புயலா, கரையரிப்பா என்பதை இந்தக் காவியத்தை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. காவியம் அதற்காக எழுதப்பட்டதில்லை. 1980களிலிருந்து தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் பூம்புகாரின் கடலடியில் தேடி, கட்டுமானங்களின் எச்சங்களைக் கண்டிருக்கின்றன. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றதை இன்றும் நின்று பார்க்கலாம். கடல் இந்தக் கரையைப் பல வழிகளில் எடுக்கிறது. நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. நம் முன்னோர் கடல்கோளை மறக்கவில்லை. பாண்டியரின் பழைய தலைநகர்களைக் கடல் கொண்ட செய்தியையும் இறையனார் களவியல் உரை தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நினைவில் குற்றம் இருந்தது, சாபம் இருந்தது, இழப்பு இருந்தது. கடல் வருமுன் என்ன தெரியும், தெரிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற இரண்டும் அதில் இல்லாமல் போயின.

குற்றம் தேடும் கேள்வி முழுக்க வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கி.மு. 464இல் ஸ்பார்ட்டாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. தைனரான் முனையில் பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்த ஹெலட்டுகளை, அதாவது அடிமை உழவர்களை, வெளியே இழுத்துக் கொன்றதால் வந்த வினை இது என்று ஸ்பார்ட்டாக்காரர்களே நம்பினார்கள். நடுக்கம் ஓய்வதற்குள் ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்தார்கள். பாறை பிளந்ததற்கு அந்தப் பாவம் காரணமில்லை. ஆனால் பாவம் இருந்தது உண்மை. பூமி ஆடும்போது ஓர் ஊரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது. 2005இல் இந்தக் கரை நெடுக நிவாரணம் வந்தபோது படகு வைத்திருந்தவர் பெயர் பட்டியலில் முதலில் ஏறியது. தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களும், கூலிக்குக் கடலுக்குப் போனவர்களும், கரையை ஒட்டிய தலித் குடியிருப்புகளும் பல இடங்களில் காத்திருக்க வேண்டி வந்தது. அதைச் சுனாமி செய்யவில்லை.

இனி நான் மிகவும் மதிக்கும் மனிதரிடம் வருகிறேன். ஏதென்ஸ் நகரத்துத் துசிடிடீஸ். பெலப்பனேசியப் போரின் வரலாற்றை எழுதியவர். கி.மு. 426 கோடையில் கிரீஸில் பல இடங்களில் நிலநடுக்கங்கள். யூபோயா தீவில் ஒரோபியே என்ற ஊரில் கடல் கரையை விட்டு விலகிப் போய், பேரலையாகத் திரும்பி, ஊரில் ஒரு பகுதியை விழுங்கியது. மேட்டுக்கு ஓடி ஏற முடியாதவர்கள் செத்தார்கள் என்று எழுதுகிறார். பிறகு எந்தத் தெய்வத்தின் பெயரையும் எடுக்காமல் தன் கருத்தைச் சொல்கிறார்: இதற்குக் காரணம் நிலநடுக்கம்தான், நடுக்கம் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே கடலைப் பின்னுக்கு இழுத்து, திரும்ப வேகமாக வீசுகிறது, நிலநடுக்கம் இல்லாமல் இப்படி நடக்கும் என்று தனக்குத் தோன்றவில்லை. அவருடைய காலத்தில் அளக்கும் கருவி கிடையாது. பல ஊர்ச் செய்திகளைக் கேட்டு, ஒப்பிட்டு, இந்த முடிவுக்கு வந்தார்.

இன்னொன்றையும் அவர் எழுதிவைத்தார். பெபரெத்தோஸ் தீவில் கடல் உள்வாங்கியது, ஆனால் வெள்ளம் வரவில்லை. நடக்காத வெள்ளத்தையும் கணக்கில் சேர்த்த அந்த நேர்மை எனக்கு வியப்பாக இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 உங்களுக்கு நினைவிருக்கும். சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, தமிழ்க் கரை முழுவதும் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாறைகள் அன்று மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உரசியதால் கடலைப் பெரிதாகத் தூக்கவில்லை. அலை சிறிதாகவே இருந்தது. வீணாக ஓடினோம் என்று சிலர் நினைத்தார்கள். அது வீண் ஓட்டம் இல்லை, அம்மா. பெபரெத்தோஸ்காரர்கள் மேட்டில் நின்று தண்ணீர் வராததைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். அப்படித் திரும்புவதுதான் நாம் வேண்டுவது.

நிலம் ஏன் ஆடுகிறது என்று கேட்டவர்களும் அங்கே இருந்தார்கள். பூமி தண்ணீரில் மிதக்கிறது, தண்ணீர் அசைந்தால் பூமி ஆடுகிறது என்றார் கிரேக்க அறிஞர் தலேஸ். நம் உடம்பில் வாயு அடைபட்டால் துடிப்பும் நடுக்கமும் வருவது மாதிரி, பூமியின் வயிற்றில் காற்று அடைபட்டு வெளியேறத் திணறுகிறது என்றார் அரிஸ்டாட்டில். இரண்டும் தவறு. ஆனால் தவறான அந்த விடைகளிலும் ஒரு பெரிய விடுதலை இருந்தது: யார்மீதும் பழி போட வேண்டியதில்லை. பொம்பெயி நகரம் எரிமலையில் புதைவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், கி.பி. 62இல், அங்கே கடும் நிலநடுக்கம் வந்தபோது ரோமானிய அறிஞர் செனெகா இதையே பிடித்துக்கொண்டு எழுதினார். ஊரை விட்டே போகிறோம் என்றவர்களிடம், எந்த நிலம் ஆடாது என்று உனக்கு யார் உறுதி கொடுத்தது என்று கேட்டார். அச்சத்தைப் போக்க அறிவைத் தேடினார் அவர். அதே பொம்பெயியில், வட்டித்தொழிலும் ஏலமும் நடத்திய ஒருவர் தன் வீட்டுச் சாமிமாடத்தில் நிலநடுக்கத்தைச் சிற்பமாகவே வைத்திருந்தார். கோயில் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது, நகரவாசல் சரிகிறது. கும்பிடும் இடத்திலேயே நடந்ததைச் செதுக்கி வைத்த குடும்பம் அது.

ரோமானியர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. நிலம் ஆடினால் பொதுவிழா அறிவித்துப் பரிகாரம் செய்வார்கள். ஆனால் எந்தத் தெய்வத்துக்கு என்று பெயர் சொல்ல மாட்டார்கள். தெரியாத ஒன்றில் தவறான பெயரைச் சொல்லிவிடக் கூடாதென்று, ஆண் தெய்வமோ பெண் தெய்வமோ என்று பொதுவாக விட்டுவிடுவார்கள்.

உதவி விஷயத்தில் அவர்கள் செய்ததையும் கேளுங்கள். கி.மு. 226 வாக்கில் ரோட்ஸ் தீவில் நிலநடுக்கம். உலக அதிசயங்களில் ஒன்றான, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த சூரியதேவன் சிலை முழங்காலில் முறிந்து விழுந்தது. சிராகூஸ், எகிப்து, மாசிடோனியா, சிரியா என நாலாபக்க அரசர்களும் வெள்ளி, தானியம், கப்பல் மரம், இரும்பு, கீல், கொத்தனார்கள் வரை அனுப்பினார்கள். ரோட்ஸ் வணிகர்களுக்குச் சிலர் சுங்கவரியை நீக்கினார்கள். ரோட்ஸ் தூதர்கள் எங்கும் கெஞ்சவில்லை, மதிப்போடு நின்று பேசினார்கள், கொடுத்தவர்களே நன்றிக்கடன் பட்டவர்கள் போல உணர்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பாலிபியஸ் பாராட்டுகிறார். சிலையை மட்டும் திரும்ப நிறுத்தவில்லை. குறிசொல் தடுத்ததாகச் சொன்னார்கள். கி.பி. 17இல் ரோமானியரின் ஆசிய மாகாணத்தில் பன்னிரண்டு நகரங்கள் ஓர் இரவில் சரிந்தபோது ரோமப் பேரரசர் திபேரியஸ், அதிகம் அடிபட்ட சார்டிஸ் நகருக்கு ஒரு கோடி செஸ்டர்ஸ் காசு கொடுத்து, ஐந்தாண்டு வரியையும் தள்ளினார். சேதத்தை நேரில் பார்க்க அதிகாரி ஒருவரையும் அனுப்பினார். கி.பி. 60இல் இடிந்த லவோதிக்கேயா நகரமோ அரசு உதவியைப் பெறாமல் தன் காசிலேயே எழுந்தது. காரைக்கால் கரையில் வரிசை வரிசையாக நிற்கும் சுனாமிக் குடியிருப்புகளைப் பார்க்கும்போது இவையெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும்.

நிலநடுக்கத்தோடு வாழப் பழகியவர்களில், அதே ஆசிய மாகாணத்துப் பிலடெல்பியா நகரத்தாரை மறக்க முடியாது. அங்கே வீட்டுச் சுவர்கள் நாள்தோறும் விரிசல் விடுகின்றன, ஆகவே பெரும்பாலோர் ஊருக்கு வெளியே வயல்களில் குடியிருக்கிறார்கள் என்கிறார் ஸ்ட்ராபோ. இப்படிப்பட்ட இடத்தில் யார்தான் ஊர் கட்டினார்கள் என்றும் வியக்கிறார். நல்ல மண் அது, விளைச்சல் உண்டு, அதனால் இருந்தார்கள். கடலோரத்தை விட்டு உள்ளே போய்விடுங்கள் என்று 2005இல் உங்களிடம் சொன்னவர்களுக்கு நீங்கள் சொன்ன பதிலும் அதுதானே. தொழில் இங்கே. வலையும் படகும் இங்கே. மாதக்கணக்கில் கடலுக்குப் போகப் பயந்திருந்துவிட்டுப் பிறகு போனீர்கள். அதற்கு வேண்டிய துணிச்சலை எந்தப் புத்தகமும் கற்றுத்தர முடியாது.

இன்னொரு பேரலையையும் சொல்கிறேன். கி.பி. 365 ஜூலை 21 விடியற்காலையில் கிரீட் தீவுக்கு அருகே பெரும் நிலநடுக்கம். தீவின் மேற்குக் கரை சில இடங்களில் ஒன்பது மீட்டர் வரை மேலே தூக்கப்பட்டது. பலசர்னா துறைமுகம் இன்றும் கடல்மட்டத்துக்கு மேலே உலர்ந்து கிடக்கிறது. கடல் உள்வாங்கியபோது மக்கள் இறங்கிப் போய்க் கையாலேயே மீன்களை அள்ளினார்கள் என்று வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ் எழுதுகிறார். அந்த நேரத்தில் தண்ணீர் திரும்பியது. அலெக்சாண்டிரியாவில் கப்பல்கள் வீட்டுக் கூரைகளின்மேல் போய் உட்கார்ந்தன. வேறோர் இடத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் உள்ளே கிடந்து இற்றுப்போன கப்பல் ஒன்றைத் தானே பார்த்ததாகச் சொல்கிறார்.

துசிடிடீஸ் எழுதி அப்போது ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய நூல் அலெக்சாண்டிரியாவின் நூலகங்களில் இருந்தது. அறிஞர்கள் படித்தார்கள், உரை எழுதினார்கள். கரையில் நின்று மீன் அள்ளியவனுக்கு அது வந்து சேரவில்லை. என்னை உறுத்துவது இதுதான். அறிவு ஊருக்குள்ளேயே இருந்தது. கரைக்கு வர வழி இருக்கவில்லை.

அலெக்சாண்டிரியா மக்கள் அதற்குப் பிறகு ஒன்று செய்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை நகரம் முழுதும் விளக்கேற்றி, கூட்டு வழிபாடு நடத்தி நினைவுகூர்ந்தார்கள். சோசோமென் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் ஐந்தாம் நூற்றாண்டில் அதைப் பற்றி எழுதுகிறார். டிசம்பர் 26 வந்தால் நீங்களும் கடலுக்குப் போகாமல், பால் ஊற்றி, பூத்தூவி அஞ்சலி செய்கிறீர்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் இடையே 1,600 ஆண்டுகள்; துக்கம் ஒன்றுதான்.

ஆனால் நினைவுநாள் எதைச் சுமந்துவர வேண்டும் என்பதற்கு நம் கடலின் எதிர்க்கரையில் ஒரு சான்று இருக்கிறது. சுமத்ராவுக்கு அருகே சிமிலு தீவு. 1907இல் அங்கே பேரலை வந்து பலர் மடிந்தார்கள். தப்பியவர்கள் அதைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ‘ஸ்மோங்’ என்பது அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர். தரை பலமாக ஆடி, கடல் வற்றினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு: இதுதான் அந்தக் கதையின் சாரம். 2004இல் நிலம் பிளந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. பத்து நிமிடம்கூட அவகாசமில்லை. சுமார் 78,000 மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அப்படியானால் அந்தப் பாட்டை இங்கே கொண்டுவந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமா? போதாது. முதலில் சொன்ன வேறுபாடு இங்கேதான் வந்து நிற்கிறது. சிமிலுவிலும் ஒரோபியேயிலும் தரை எச்சரித்தது. காரைக்கால்மேட்டில் தரை எச்சரிக்காது. கடல் முதலில் உள்வாங்கும் என்பதும் இந்தக் கரைக்கு உறுதியில்லை. 2004இல் சென்னை, விசாகப்பட்டினம், தூத்துக்குடி துறைமுகங்களின் அலைமானிகள் முதலில் காட்டியது ஏற்றத்தைத்தான். உடைவுக்குக் கிழக்கே தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் இறங்கியது. மேற்கே நம் பக்கம் முதலில் ஏறியது. ஆகவே கடல் உள்ளே போனால் ஓடு என்று மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை, கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறும்போது நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஏறினாலும் ஓட வேண்டும். முதல் அலை வடிந்துவிட்டதென்று படகைப் பார்க்கத் திரும்பி வரவும் கூடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இதற்கு முன்பும் கடல் நமக்குச் சொல்லிப் பார்த்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிலநடுக்கம். அதன் அலையை இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் நாகப்பட்டினம் அலைமானி ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகப் பதிவு செய்தது. காகிதத்தில் மையால் விழுந்த கோடு அது. துசிடிடீஸின் நூல் போலவே அலமாரியில் இருந்தது. 123 ஆண்டு இருந்தது.

தரை சொல்லாததை வேறொருவர் சொல்ல வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 2004இல் அந்த இரண்டு மணி நேரம் வீணானது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் அழிந்த செய்தி, அலை நம் கரையைத் தொடும் முன்பே சென்னைக்கு வந்துவிட்டது. வந்த செய்திக்குக் கரைவரை வர வழி இருக்கவில்லை.

அதே காலையில், நம் ஒன்றியப் பகுதியிலேயே, புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். நிலநடுக்கத்தையும் அலையையும் செய்தியில் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அலையின் உயரத்தையும் காற்றையும் நாள்தோறும் மீனவர்களுக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கி. அதில் எச்சரிக்கை போனது, ஊர் ஓடித் தப்பியது. ஒலிபெருக்கி தினமும் பேசிப் பழகியிருந்தது, ஊர் தினமும் கேட்டுப் பழகியிருந்தது. ஆபத்துக்கு மட்டும் வைத்த கருவியாக இருந்திருந்தால் அன்று காலை அது வேலை செய்திருக்குமா என்பதே சந்தேகம்.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் தேசிய சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் நிலம் ஆடிய சில நிமிடங்களில் அதற்குத் தெரியும். ஆழ்கடல் மிதவைகளும் அலைமானிகளும் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. பொசைடனின் கையில் கிரேக்கர்கள் சேர்த்துவைத்த இரண்டையும் நமக்காக அந்த மையம் இப்போது சேர்த்துத் தருகிறது. ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கடலோர ஊர்களை 2020இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் சுனாமிக்கு ஆயத்தமான ஊர்களாக ஏற்றுக்கொண்டது. அபாய வரைபடம், ஓடும் வழி, ஆண்டுதோறும் ஒத்திகை என்று நிபந்தனைகள் உண்டு. அவையும் மீனவக் கிராமங்கள்தான். காரைக்கால்மேடும், கிளிஞ்சல்மேடும், பட்டினச்சேரியும் அந்த வரிசைக்கு வர என்ன தடை?

பஞ்சாயத்தாரிடம் சில கோரிக்கைகளை வைக்கிறேன். டிசம்பர் 26 அன்று அஞ்சலி முடிந்ததும், அதே கூட்டம் கலையாமல், பிள்ளைகளை முன்னால் விட்டு, ஓட வேண்டிய வழியில் ஒருமுறை நடந்து போகட்டும். எந்தக் கட்டடத்தின் மாடி, எந்தச் சாலை, கிழவிகளை யார் தூக்குவது என்று அன்றைக்கே முடிவாகட்டும். தண்ணீர் எந்த வீட்டில் எவ்வளவு உயரம் நின்றது என்று அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2004க்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று படகேறும் வயதுக்கு வந்துவிட்டார்கள், அவர்களுக்கு அது தெரியாது. அந்த உயரத்தைச் சுவர்களில் பெயின்டால் கோடு போட்டு, தேதியை எழுதுங்கள்.

ஊர் ஒலிபெருக்கியின் பொறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலுக்குள் ஆழத்தில் இருந்த ஆண்களில் பலருக்குப் படகின் அடியில் அலை கடந்து போனதே தெரியவில்லை. இந்தக் கரை நெடுகப் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகச் செத்தார்கள். படகு திரும்பும் நேரம், மீன் எடுக்கக் கரையில் நின்றவர்கள் அவர்கள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களும் அவர்கள். ஆகவே அந்த மைக்கையும், அது இருக்கும் அறையின் சாவியையும் ஏலக்கரையில் நாள்தோறும் நிற்கும் பெண்களிடம் கொடுங்கள். காலையில் மீன் விலையையும் காற்றின் நிலவரத்தையும் அவர்களே அதில் சொல்லட்டும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.